மழை படாத இடம்

என்டர் விசையை யாரோ தட்டிவிட்டார்கள்.

பிரேமலதா தட்டவில்லை. அவள் கை அப்போது முறுக்கு டப்பாவுக்குள் இருந்தது. தட்ட வேண்டிய விசையோ அவளுக்கு எட்டாத தூரத்தில், மாஞ்சோலை பஸ் மூச்சு வாங்கி ஏறி நிற்கிற இடத்துக்கும் மேலே, கோடைமேடு எஸ்டேட் ஆபீசில், ஒரு மேசையின் மேல் இருந்தது. அந்த ஆபீசில் ஆள் கிடையாது. ஆபீசில் என்ன, அந்த மலையிலேயே ஆள் கிடையாது. தேயிலை பறித்தவர்கள் அத்தனை பேரும் சட்டி பானை, சாமி படம், கோழிக்கூடு சகிதம் லாரி ஏறி இறங்கிப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாய்கள்கூட லாரிக்குப் பின்னாலேயே ஓடி வந்துவிட்டன. செத்துப்போய் அங்கே புதைந்து கிடப்பவர்களை மட்டும்தான் யாராலும் கூட்டி வர முடியவில்லை.

இருந்தாலும் விசை தட்டப்பட்டிருந்தது.

ஆபீஸ் சுவரில் தனி இணைப்போடு ஒரு காமிரா உண்டு. சினிமா மாதிரி ஓட்டிக் காட்டுகிற சாமர்த்தியமெல்லாம் அதற்கு இல்லை. ஒரு படம் அனுப்பும்; வெற்றிலை போட்டுத் துப்பி முடிக்கிற நேரம் சும்மா இருக்கும்; பிறகு இன்னொரு படம். முந்தைய படத்தில் சர்வரின் திரை ஒரு வெள்ளை வரியோடு விறைத்து நின்றது: தொடர வேண்டுமானால் என்டரைத் தட்டு. கீபோர்டின் மேல், தூசி விழாமல் இருக்க அவளே என்றைக்கோ போர்த்திவிட்டு வந்த பச்சைத் துண்டு கிடந்தது. அடுத்த படத்தில் திரை முழுக்க எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. பச்சைத் துண்டு நாலாக மடிக்கப்பட்டு, ஓரம் ஓரத்தோடு ஒட்டி, இஸ்திரி போட்டது மாதிரி கீபோர்டுக்கு வலது பக்கம் இருந்தது.

பிரேமலதா முறுக்கைக் கடித்தாள். சிரிப்புதான் வந்தது. வாரம் ஒருநாள் மேலே போய்ப் பார்த்துவிட்டு வருகிற வாட்ச்மேன் இசக்கிமுருகன் அண்ணாச்சி, இன்றைக்கென்று பார்த்துப் போயிருக்கிறார். மகராசன்.

அவள் அந்த எஸ்டேட்டில் பிறந்தவள். அந்த ஆபீசிலேயே கம்ப்யூட்டர் பார்த்தவள். இப்போது பாளையங்கோட்டை ஓரத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சித் தளத்தில் தனியாக இருக்கிறாள். தனியாக என்றால், கடுகு தாளித்தால் அந்தச் சத்தத்துக்குத் தானே திரும்பிப் பார்க்கிற தனிமை. மலையில் லைன் வீடுகளில் ஒருத்தர் தும்மினால் நாலாவது வீட்டில் ‘நூறு’ என்பார்கள். இங்கே பூகம்பம் வந்தால்கூட எதிர்வீட்டுக்காரர் பூதக்கண்ணாடி வைத்த கதவுத் துளை வழியாகத்தான் விசாரிப்பார். அவரும் இன்று இல்லை. சூரசம்ஹாரம். கட்டடமே பூட்டிக்கொண்டு திருச்செந்தூர் போயிருந்தது. கீழே மோட்டார் அறையில் தண்ணீர் சொட்டுவது உச்சி மாடி வரைக்கும் கேட்டது.

சர்வர் ஒன்றும் ராக்கெட் விடுகிற ஜாதி அல்ல. கொழுந்து எடை போட்டுக்கொண்டிருந்த பழைய இரும்புப் பெட்டி. ஆட்கள் இறங்கிய பிறகு அதற்கு மழை பார்க்கிற உத்தியோகம் கொடுத்தது ஓடைக்கரை விவசாயிகள் சங்கம். கோடைமேட்டில் பெய்கிற மழை காட்டோடையாகக் கீழே இறங்கி, சேரன்மகாதேவிக்கு மேற்கே ஓடைக்கரைத் தெருவை உரசிக்கொண்டுதான் தாமிரபரணியில் விழும். உரசுவது என்பது நல்ல வருஷத்தில். கெட்ட வருஷத்தில் வீட்டுக்குள் வந்து ஆட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு போகும். அதனால் வழிநெடுக மழைமானிகள் நட்டிருந்தார்கள்: ஆபீஸ் முற்றம், தொங்குபாலம், ஆனைவளைவு, செக்போஸ்ட், கடைசியாக ஓடைக்கரைத் தெரு முனையில் சங்குக் கம்பத்தின் உச்சி. மழைமானிகள் போன் டவரை நம்பாமல் தனி ரேடியோவில் அளந்து சொல்லச் சொல்ல சர்வர் கூட்டிப் பார்க்கும். அளவு மீறினால் அதே ரேடியோ வழியாகச் சங்கை ஊதும். சங்கு ஊதினால் தெரு எழுந்து மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகும். அந்தத் தெருவில்தான் அவள் அம்மா பேச்சித்தாய் இருந்தாள். அடுக்குமாடி வீட்டைப் பார்த்து, “ஒண்ணுக்கு மேல ஒண்ணு அடுக்கி வச்ச டப்பாவுல அரிசி இருக்கும், நான் இருக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுத் தன் தங்கச்சி வீட்டோடு போய்விட்டவள்.

உதிரியாக இன்னொரு மழைமானியும் இருந்தது. சோதித்துப் பார்க்க வைத்துக்கொண்டது. இந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியில், அவள் தலைக்கு நேர் மேலே.

சர்வரின் இயங்குதளம் கிழண்டுபோய்விட்டது, மாற்றாவிட்டால் கண்ட களவாணியும் உள்ளே புகுந்துவிடுவான் என்று ஆறு மாதமாக எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாளைக்கு மழை இல்லை என்று வானிலை சொன்னதால் இன்று சாயங்காலம் உட்கார்ந்துவிட்டாள். ஓடுகிற பஸ்ஸுக்கு எஞ்சின் மாற்றுகிற வேலை. அதுவும் பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு மலையில் ஓடுகிற பஸ்ஸுக்கு. எங்காவது சிக்கி நின்றால், அங்கே போய் ஒரு விசையைத் தட்ட ஒரு கை வேண்டும். அந்தக் கை இருந்தது. நன்றி சொல்ல போன் போட்டாள்.

மறுமுனையில் மைக் செட் அலறியது.

“அண்ணாச்சி, ரொம்ப உபகாரம்.”

“எதுக்கு தங்கச்சி?”

“தட்டி விட்டீகள்லா.”

“என்னத்தத் தட்டினேன்? நான் இங்கன முக்கூடல்ல மச்சினன் வீட்டு விசேஷத்துல பந்திக்கு எல போட்டுக்கிட்டு இருக்கேன்.”

“வெளாடாதீக. ஆபீஸ்ல துண்ட மடிச்சு வச்சிருக்கீக.”

“ஆபீஸ் சாவி என் அரணாக்கயித்துல கெடக்கு. ஆட்டுதேன், கேக்குதா?”

கேட்டது. கொத்துச் சாவியின் சிணுங்கல், மைக் செட்டையும் மீறித் தெளிவாகக் கேட்டது.

இசக்கிமுருகன் நடந்தார் போலிருக்கிறது. பாட்டுச் சத்தம் பின்னால் தேய்ந்தது. அவர் குரலில் பந்திக் குஷி இல்லை.

“தங்கச்சி, அங்கேருந்து உனக்கு போன் ஏதும் வந்துச்சா?”

“ஆபீஸ் போன்லேருந்தா? லைன்தான் இருக்கு, அடிக்க ஆள் வேண்டாமா?”

“ஆள் இல்லாததுனாலதான் கேக்குதேன். வந்தா மூணு தடவ அடிக்கட்டும். ரெண்டோட நின்னுச்சுன்னா விட்டுரு. நமக்கு ஜோலி இல்ல.”

“அண்ணாச்சி, நான் கம்ப்யூட்டர் படிச்சவ.”

“நீ படிச்சவ. அது படிச்சிருக்கானு தெரியாதுல்லா.”

சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. “சரி, வைக்கேன் அண்ணாச்சி. வீட்டுக்கு ஒருநா வாங்க” என்று சொல்லி வைத்தாள்.

அது கோடைமேட்டுக்காரர்களின் நாக்கில் ஊறிய வார்த்தை. வாசலோடு போகிறவரைத் தேயிலைத் தண்ணி குடிக்காமல் விட்டால் பாவம் என்று இருந்த ஜனம். பிரேமலதா, கடன் வேண்டுமா என்று போனில் கேட்கிற பெண்ணிடமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு ஒருநா வாங்க என்று முடிப்பவள். அந்தப் பெண் ஒரு தடவை முகவரி கேட்டுவிட்டாள்.

மூன்று தடவை விஷயமும் அப்படி ஊறியதுதான். மலையில் பனி இறங்கினால் நீட்டின கை தெரியாது. வெளியே யாரோ பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அம்மா குரலாக இருக்கும், சிநேகிதி குரலாக இருக்கும். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இரண்டாவது தடவை கூப்பிடும். அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். மூன்றாவது தடவையும் கூப்பிட்டால் மனுசர், கதவைத் திறக்கலாம். இரண்டோடு நின்றுவிட்டால் தாழ்ப்பாளை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுச் சோறு போட்டுக்கொள்வார்கள். இரண்டோடு நிற்பது எது என்று யாரும் பேர் சொன்னதில்லை. நல்லதா கெட்டதா என்றும் சொன்னதில்லை. கோடைமேட்டில் அந்த நேரங்களில் எல்லாரும் ரொம்ப மும்முரமாக வேறு எதையாவது பேசுவார்கள்.

அடுத்த படம் வந்தது. துண்டு மடித்தபடி இருந்தது. நாற்காலி மேசையை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்தது.

முன்பு எப்படி இருந்தது? பழைய படத்தைத் திறந்து பார்க்கலாம். பார்க்கவில்லை.

வேலை பாட்டுக்கு ஓடியது. பழைய கோப்புகள் போயின, புதியவை வந்து உட்கார்ந்தன. கடைசியில், இயங்குதளம் மாற்றுகிற எவனுக்கும் நெஞ்சு அடைக்கிற கட்டம் வந்தது: அணைத்து எழுப்ப வேண்டும். அணைப்பது நம் கையில். எழுவது அதன் இஷ்டம். பிரேமலதா மாடன் கோயில் பக்கமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு உத்தரவைக் கொடுத்தாள். இணைப்பு அறுந்தது.

இனி கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவளுடைய லேப்டாப் மூச்சுக்கு ஒரு தடவை மலையைக் கேட்டது: இருக்கியா? இருக்கியா? பதில் இல்லை என்று வரி வரியாக ஏறிக்கொண்டு போனது. குளிர்சாதனப் பெட்டி ஒரு முனகலோடு நின்றது. அது நின்ற பிறகுதான், இதுவரை எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் நிறத்துக்கு மாறியிருந்தது. காற்றில் ஒரு வாசனை. ஈரமண் வாசனை என்று முதலில் நினைத்தாள். அது இல்லை. வெட்டிய தேயிலைச் செடியின் தண்டு மழையில் ஊறினால் ஒரு துவர்ப்பு வாசனை வரும். பாளையங்கோட்டையில் அதற்கு வழியே இல்லை.

படம் வந்தது.

ஆபீஸ் ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அடித்துக்கொண்டிருந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. யாரோ மலையைத் தண்ணீருக்குள் முக்கிப் பிடித்திருந்தார்கள். தகரக் கூரை ஒழுகி, மேசை முழுக்கப் பளபளத்தது. தரை பளபளத்தது. சுவரில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. சர்வர் திரையில் மறுபடியும் ஒரு வெள்ளை வரி: வட்டில் பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா? ஆம் என்றால் ஒய் எழுத்தைத் தட்டு.

நாற்காலி மட்டும் நனையவில்லை. கூரை ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழே இருந்தும், அதன் சிவப்பு ரெக்சின் காய்ந்து, மங்கலாக, வழக்கம்போல இருந்தது.

வானிலையை ஏசிக்கொண்டே அம்மாவுக்கு போன் போட்டாள்.

“ஏளா லதா, சாப்பிட்டியா?”

“அம்மா, மலையில கொட்டுது. சித்தியக் கூட்டிக்கிட்டு இப்பமே பள்ளிக்கூடத்துக்குப் போ. தெருவுல எல்லாத்தையும் கெளப்பு.”

“இங்கன தூறக்கூட இல்லயே. சங்கும் ஊதல.”

“சங்கு ஊதாதும்மா. மெஷின் படுத்துக் கெடக்கு.”

“போன ஐப்பசியில நீ போன் போட்டுத்தான் தெருவே மூட்ட முடிச்சத் தூக்கிக்கிட்டுப் போய்ப் பள்ளிக்கூடத்துல உக்காந்துது. சொட்டு விழல. இன்னைக்கும் அந்த அடுத்த வீட்டு மகாராஜாப் பய என்னயக் கண்டா வெயில்ல கொடய விரிக்கான். சங்கு ஊதட்டும். முத ஆளா நான் போறேன், போதுமா?”

“அம்மா, சொல்லுதத…”

போன் அறுந்தது. மறுபடி போட்டாள். எட்டாத தொலைவில் இருப்பதாகச் சொன்னது. சித்திக்கு, அதே. இசக்கிமுருகனுக்கு, அதே. ஆற்றங்கரையில் டவர் முழுக்கப் படுத்துவிட்டது. சங்கத் தலைவர் திருச்செந்தூர்க் கூட்டத்தில் எந்தக் காவடிக்குப் பின்னால் நிற்கிறாரோ, மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மலையில் மழை தொடங்கி எவ்வளவு நேரம் என்று பழைய படங்களைப் பின்னோக்கித் தள்ளினாள். நெடுநேரம். வேலை மும்முரத்தில் ஜன்னலைப் பார்க்கவே இல்லை. இந்நேரம் தண்ணீர் பாதி வழிக்கு மேல் இறங்கியிருக்கும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தாலும் அது முந்திக்கொள்ளும்.

அம்மா சங்குக்காகக் காத்திருப்பாள். பிடிவாதக்காரி. சொன்னால் சொன்னதுதான்.

ஒரு எழுத்து. மேல் வரிசையில் ஒரே ஒரு எழுத்து. அதைத் தட்ட ஒரு விரல்.

இருந்தும் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். அப்போது போன் அடித்தது.

திரையில் பேர் வந்தது. ஆபீஸ்.

அந்த எண்ணிலிருந்து அவளுக்கு ஒரு வருஷமாக அழைப்பு வந்ததில்லை. மேசை மேல் போன் அதிர்ந்து, முறுக்கு டப்பாவில் இடித்து, தகரத்தில் ஒரு நடுக்கத்தைக் கிளப்பியது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அடித்து முடித்தது.

படம் வந்தது. ஆபீஸ் போனின் ரிசீவர் தாங்கியில் இல்லை. பக்கத்தில், நேராக, மேசை விளிம்போடு ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. யாரும் இல்லை. நாற்காலி இன்னும் கொஞ்சம் திரும்பியிருந்தது. காமிராவைப் பார்த்து.

மறுபடி அடித்தது.

ஆபீஸ்.

இது இரண்டாவது. இதை விட்டுவிட வேண்டும். அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். மனுசராக இருந்தால் மூன்றாவதும் அடிக்கும். மனுசராக இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். பூட்டு தொங்குகிறது, சாவி முக்கூடலில் இருக்கிறது. ஆகவே மூன்றாவது வராது. இதை எடுக்காவிட்டால் ஒய்யைத் தட்ட இந்த உலகத்தில் வேறு விரல் இல்லை. அம்மா இந்நேரம் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, சங்கு ஊதுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள்.

மணி ஓயப்போகிற நேரம். எடுத்தாள்.

“ஆங்?” என்றாள்.

பேச்சு இல்லை. தகரத்தில் மழை கேட்டது. ஆனால் கிட்டத்தில் இல்லை. ரிசீவரைச் சுற்றி ஒரு வட்டம் விட்டு, அந்த வட்டத்துக்கு வெளியே மழை பெய்கிறது போலத் தள்ளிக் கேட்டது. வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. மூச்சு இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு அமைதி மட்டும் இருந்தது.

பிரேமலதாவின் குரல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வந்தது.

“ஒய்னு ஒரு எழுத்து இருக்கும். ரெண்டாப் பிரிஞ்ச கவுட்டக் கம்பு மாதிரி. மேல் வரிசையில நடுவுல. அதத் தட்டணும். பெறகு, முன்ன தட்டினீகள்லா, அந்தப் பெரிய விசை. அத ஒருக்கா.”

டக்.

நீண்ட இடைவெளி.

டக்.

லேப்டாப்பில் ஏறிக்கொண்டிருந்த வரிகள் நின்றன. கொஞ்ச நேரம் கழித்து மலை பதில் சொன்னது: இருக்கேன். இருக்கேன். இருக்கேன். புது இயங்குதளம் மாப்பிள்ளை மாதிரி எழுந்து வந்து, மழைமானிகளை ஒவ்வொன்றாக விசாரித்து, கூட்டிப் பார்த்து, பதறிப்போய்ச் சங்கை ஊதியது. ஊதியாயிற்று என்று பச்சையில் ஒரு வரி விழுந்தது. பிரேமலதா நாற்காலியில் சரிந்தாள். கண்ணீரும் மூக்கும் ஒன்றாக ஒழுகின. போன் இன்னும் காதில்தான் இருந்தது. அந்த அமைதியும் இன்னும் இருந்தது. வாய் தானாகத் திறந்தது. இருபது வருஷம் எத்தனையோ பேரிடம் சொன்ன வாய்.

“ரொம்ப உபகாரம். வீட்டுக்கு ஒருநா வாங்க.”

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

மறுமுனையில் ரிசீவரைப் பைய வைக்கும் சத்தம் கேட்டது.

பள்ளிக்கூடத்து லேண்ட்லைனிலிருந்து அம்மா கூப்பிட்டபோது இருட்டிவிட்டது. பின்னால் ஆடுகளும் குழந்தைகளும் கத்தின. “முழங்கால் அளவு வந்துட்டுளா, வீட்டுக்குள்ள. அத்தன பேரும் மேல வந்துட்டோம். மகாராஜாப் பய என் ஆட்டத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடியாந்தான், கொடய விட்டுட்டான். சங்கு மட்டும் ஊதலன்னா…” அம்மா பக்கத்தில் கத்திய ஆட்டை அதட்டினாள். “நீ கதவச் சாத்திக்கிட்டுப் படு. தனியாக் கெடக்க.”

“சரிம்மா.”

வைத்தாள். மனசு பஞ்சாக இருந்தது. அந்தப் பஞ்சு மனசோடு படத்தைப் பார்த்தாள்.

ரிசீவர் தாங்கியில் இருந்தது. நாற்காலி மேசைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளப்பட்டிருந்தது. பச்சைத் துண்டு கீபோர்டின் மேல் முன்புபோல விரித்துப் போர்த்தப்பட்டிருந்தது. வேலை முடித்துப் புறப்படுகிறவர்கள் செய்கிற மாதிரி.

ஆபீஸ் கதவு திறந்திருந்தது.

மழைமானிகளின் கணக்கு ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மொட்டை மாடி தவிர எல்லாவற்றிலும் பேய்மழை. அவள் பார்த்துக்கொண்டிருக்கையில் ஆபீஸ் முற்றத்து மானி பூஜ்யத்துக்கு இறங்கியது. கொட்டுகிற மழையில் பூஜ்யம். யாரோ அதற்குக் குடை பிடித்தது போல. கொஞ்ச நேரம். பிறகு மறுபடி மழையைக் காட்டியது.

புது இயங்குதளம், ஏதோ கோளாறு என்று நினைத்தாள். நினைக்கப் பாடுபட்டாள்.

தொங்குபாலம் பூஜ்யம்.

மழை.

ஆனைவளைவு பூஜ்யம். தொங்குபாலத்துக்கும் ஆனைவளைவுக்கும் நடுவே பஸ்ஸே முக்கி முனகி அரை மணி நேரம் எடுக்கும். இதற்குத் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

போனை எடுத்து ஆபீசைக் கூப்பிட்டாள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இன்னொரு நாள் பார்க்கலாம், வீட்டில் தீட்டு, வீட்டில் ஆள் இல்லை, எதையாவது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆள் இல்லை. இப்போது அங்கே உண்மையாகவே ஆள் இல்லை.

செக்போஸ்ட் பூஜ்யம்.

மின்சாரம் போனது. மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றது. லேப்டாப் வெளிச்சத்தில் சுவர்கள் நீலமாக, வெகு தூரத்தில் நின்றன. டவுனிலும் மழை பிடித்துக்கொண்டது. முதலில் தார்ச் சாலையில் ஒரு இரைச்சல். பிறகு கட்டடத்தின் மேல் மொத்தமாக. கொக்கி உடைந்த ஜன்னல் கதவு படீரென்று திறந்தது. சாரல் உள்ளே வந்தது. சாத்தப் போகவில்லை. கணக்கை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஓடைக்கரைத் தெரு பூஜ்யம்.

“அம்மா” என்றாள். அந்த மானி பூஜ்யத்திலேயே நின்றது. மற்றவற்றை விடக் கூடுதலாக நின்றது. வழி கேட்கிறவர் தெருமுனையில் நிற்பது போல.

பிறகு மழை.

அங்கே தங்கவில்லை. கிளம்பிவிட்டது. இனி சேரன்மகாதேவி. பிறகு ரோடு. பிறகு டவுன். நடுவில் மானி எதுவும் இல்லை. அது எங்கே வருகிறது என்று சொல்ல இனி எதுவும் இல்லை.

ஒன்றைத் தவிர.

மொட்டை மாடி: மழை.

மொட்டை மாடி: மழை.

எழுந்து கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். போட்டிருந்தது. திரும்ப வந்து உட்கார்ந்தாள். இடது கை ஜன்னல் பக்கம் இருந்தது. சாரல் அதன் மேல் சிதறிக்கொண்டிருந்தது. குளிர்ந்தது. அந்தக் குளிர் அவளுக்கு வேண்டியிருந்தது.

மொட்டை மாடி: பூஜ்யம்.

தலைக்கு மேலே கான்கிரீட்டில் மழை இரைந்துகொண்டிருந்தது. நேர் மேலே மட்டும் இரையவில்லை. அந்த ஒரு வட்டத்துக்குள் அமைதி. போனில் கேட்ட அதே அமைதி.

மாடிக்கதவு முனகவில்லை. படியில் காலடி இல்லை.

கதவைத் தட்டியது.

ஒன்று.

நாக்கைப் பல்லுக்கு அடியில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

இரண்டு.

காத்திருந்தாள். மூன்றாவது வரவில்லை. வராது. இரண்டோடு நின்றால் விட்டுவிடும், போய்விடும். கோடைமேட்டில் எத்தனை பேர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து தப்பித்திருக்கிறார்கள். வாயைத் திறக்காமல்.

மொட்டை மாடி: மழை.

மேலே இப்போது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இரைந்தது. போய்விட்டது. மூச்சை விட்டாள்.

தரையைப் பார்த்தாள். சாரலில் அறை முழுக்க நனைந்து, லேப்டாப் வெளிச்சத்தில் பளபளத்தது. ஜன்னலிலிருந்து சுவர் வரை. சுவரிலிருந்து கதவு வரை.

கதவுக்கு உள்பக்கம் ஒரு இடம் பளபளக்கவில்லை. ஒரு ஆள் நிற்கிற அளவு. காய்ந்து கிடந்தது. காற்று சாரலை வாரி அடித்தது. எல்லா இடத்திலும் விழுந்தது. அங்கே விழவில்லை.

தேயிலைத் தண்டின் துவர்ப்பு வாசனை.

காற்று அடங்கி மறுபடி அடித்தது. காய்ந்த இடம் மேசைக்கு அருகில் இருந்தது.

ஜன்னல் திறந்தே கிடந்தது. மழை உள்ளே வந்துகொண்டே இருந்தது. வலது கை நனைந்தது. மடி நனைந்தது. முகம் நனைந்தது.

இடது கையில் மட்டும் சாரல் படுவது நின்றது.